மரணத்துக்கு என்ன காரணம்? கோப்புகளில் தொலையும் நோய்கள்

புது தில்லி மான்சிங் சாலையில் உள்ள இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகவே நாடெங்கும் அறியப்பட்டது. இதே அலுவலகம் ஆண்டுதோறும் இன்னொரு கணக்கையும் தொகுக்கிறது. நாட்டில் எத்தனை பேர் எந்த நோயால் இறந்தார்கள் என்பதே அது. 2021-ஆம் ஆண்டுக்கான இந்தக் கணக்கு 2025 மே மாதத்தில்தான் வெளியிடப்பட்டது. கொரோனா உச்சத்தில் இருந்த ஆண்டின் மரணக் கணக்கை நாடு தெரிந்துகொள்ள ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தாமதத்தைவிடக் கவலை அளிப்பது அதன் உள்ளடக்கம். 2021-இல் பதிவான இறப்புகள் ஏறத்தாழ ஒரு கோடியே இரண்டு லட்சம். இவற்றில் இறப்புக்கான காரணம் குறித்து மருத்துவரின் சான்று பெற்றவை 23.4 சதவீதம் மட்டுமே. 2019-இல் இது 20.7 சதவீதமாகவும், 2020-இல் 22.5 சதவீதமாகவும் இருந்தது. நான்கில் மூன்று பேர் எதனால் இறந்தார்கள் என்பதை மருத்துவம் அறிந்த எவரும் எழுதி வைக்கவில்லை. கோவாவில் பதிவான இறப்புகள் அனைத்துக்கும் மருத்துவச் சான்று இருக்கிறது. பிகாரிலோ 2020-இல் அது ஐந்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. பிறப்பு, இறப்புப் பதிவு பொதுப் பட்டியலில் உள்ளது. குறை யாருடையது என்று கேட்டால் மத்திய அரசு மாநிலங்களையும், மாநிலங்கள் மத்திய அரசையும் சுட்டிக்காட்டுவதற்கு இந்தப் பகிர்வு வசதியாகவே அமைந்துவிட்டது.

எழுதப்படாத முக்கால் பங்கைப் பற்றி அவ்வப்போதாவது பேச்சு எழுகிறது. எழுதப்பட்ட கால் பங்கு எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது என்ற கேள்வியோ அதிகம் பேசப்படுவதில்லை. அரசின் திட்டங்களும், நிதி ஒதுக்கீடும், நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் அளிக்கும் பதில்களும் இந்தக் கால் பங்கின் மீதுதான் பெருமளவு கட்டப்படுகின்றன.

படிவம் 4-இன் நான்கு வரிகள்

மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் சிகிச்சை அளித்த மருத்துவர் நிரப்ப வேண்டியது ‘படிவம் 4’. வீட்டில் இறந்தவருக்கு ‘படிவம் 4ஏ’. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் வந்த படிவங்கள் இவை. மரணத்தை நேரடியாக விளைவித்த நிலை எது, அதற்கு இட்டுச் சென்றது எது, எல்லாவற்றுக்கும் தொடக்கமான அடிப்படை நோய் எது என்று படிப்படியாக அதில் எழுத வேண்டும். உடன் இருந்த பிற நோய்களுக்குத் தனி இடம் உண்டு. பின்னர் இந்த வரிகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டின்படி ஒரு எழுத்தும் சில எண்களும் கொண்ட குறியீடு இடப்படுகிறது. பிரான்ஸ் நாட்டுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியான் 1893-இல் தயாரித்த பட்டியலில் தொடங்கி, பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற அளவில் திருத்தப்பட்டு வந்த இந்த வகைப்பாட்டின் பத்தாவது பதிப்பையே இந்தியா இறப்புக் கணக்குக்குப் பின்பற்றி வருகிறது. 11-ஆவது பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் உலக அளவில் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

தேசியக் கணக்கில் இடம்பெறுவது அடிப்படை நோயின் குறியீடு மட்டுமே. ஆகவே எல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தே நிற்கிறது. நீரிழிவு நோயாளி ஒருவரின் காலில் புண் அழுகி, ரத்தத்தில் நச்சு பரவி, அவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். முறைப்படி எழுதினால் முதல் வரியில் ரத்த நச்சு, அடுத்த வரியில் கால் அழுகல், அதற்கடுத்து நீரிழிவு என வரவேண்டும். கணக்கில் இது நீரிழிவு மரணம். முதல் வரியோடு மருத்துவர் நிறுத்திக்கொண்டால் அது தொற்றுநோய் மரணம். ‘இதயத் துடிப்பு நின்றது’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டால் அதே மனிதர் இதயநோய்க் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். மூன்று மருத்துவர்களின் பேனாவில் ஒரே மரணம் மூன்று நோய்களாக மாறிவிடும்.

இதயம் நிற்காமல் எவரும் இறப்பதில்லை. அதை எழுதுவது காரணத்தைச் சொல்வதாகாது. மரணம் நேர்ந்ததை மறுபடியும் சொல்வதுதான். மரணம் நேர்ந்த விதத்தை எழுதக் கூடாது, அதற்குக் காரணமான நோயையோ காயத்தையோதான் எழுத வேண்டும் என்று படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டறியும் பிழை இதுவே. நாட்டின் மருத்துவச் சான்று பெற்ற மரணங்களில் 2020-இல் 32.1 சதவீதம் ரத்த ஓட்ட மண்டல நோய்களால் நேர்ந்தவை என்கிறது தலைமைப் பதிவாளரின் அறிக்கை. இந்தியாவில் இதயநோய் பெருகியிருப்பது உண்மை. அந்த 32.1-இல் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு பேனாவால் வந்தது என்பதைப் பிரித்துச் சொல்ல அறிக்கையில் வழியில்லை.

இதற்கு மருத்துவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அரசு மருத்துவமனைகளில் நள்ளிரவில் இந்தப் படிவத்தை நிரப்புபவர் பெரும்பாலும் பணியில் இருக்கும் இளநிலை மருத்துவர்தான். வார்டில் அடுத்த நோயாளி காத்திருப்பார். உடலை எடுத்துச்செல்ல உறவினர்கள் காத்திருப்பார்கள். நோயாளியை முந்திய நாள்வரை கவனித்தவர் வேறொருவராக இருப்பார். குறியீடு இடுபவர் நோயாளியைப் பார்த்தவரே அல்லர். கிறுக்கலாக எழுதப்பட்ட வரியையோ, சுருக்கெழுத்தையோ வைத்துக்கொண்டு பொருந்துவதாகத் தோன்றும் எண்ணை அவர் இடுகிறார். தெளிவாக எதுவும் இல்லாதபோது ‘வேறெங்கும் வகைப்படுத்தப்படாத அறிகுறிகள்’ என்ற பகுதியில் தள்ளிவிடுகிறார். அந்தப் பகுதிக்குள் போன மரணம் எந்த நோய் ஒழிப்புத் திட்டத்தின் கண்ணிலும் படுவதில்லை.

காசநோயா, கல் தூசியா?

குறியீடு தவறினால் யாருக்கு நஷ்டம் என்பதை அறிய ராஜஸ்தானுக்குச் செல்ல வேண்டும். தோல்பூர், கரௌலி, ஜோத்பூர் பகுதிகளின் மணற்கல் குவாரிகளில் வேலை செய்வோரின் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்து சிலிக்கோசிஸ் நோய் உண்டாகிறது. குடியரசுத் தலைவர் மாளிகையும் பழைய நாடாளுமன்றக் கட்டடமும் தோல்பூர்க் கல்லில் எழுந்தவை. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் அதே மாவட்டத்தின் சர்மதுராவிலிருந்து கல் வந்தது.

இருமல், மூச்சிரைப்பு, உடல் மெலிவு. சிலிக்கோசிஸின் அறிகுறிகள் காசநோயின் அறிகுறிகளைப் போன்றே இருக்கும். தூசியால் கெட்ட நுரையீரலில் காசநோய் எளிதில் தொற்றிக்கொள்ளவும் செய்யும். ஆகவே குவாரித் தொழிலாளி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் காசநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புவது பல்லாண்டு கால வழக்கமாக இருந்தது. மாத்திரை முடிந்தும் குணமாகாதவர் மறுபடி வருவார். மறுபடியும் அதே மாத்திரை.

வகைப்பாட்டில் இதற்கு இடமில்லாமல் இல்லை. பத்தாவது பதிப்பில் சிலிக்கோசிஸுக்கு ‘ஜே62’ என்ற குறியீடு இருக்கிறது. தூசி நோயும் காசநோயும் சேர்ந்திருந்தால் எழுதுவதற்கென்றே ‘ஜே65’ என்று தனிக் குறியீடும் இருக்கிறது. எழுதுவதற்கு எண் இருந்தது. நோயாளி என்ன வேலை செய்தார் என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

காசநோய் என்று எழுதினால் அது அரசுத் திட்டத்தின் கணக்கு. சிலிக்கோசிஸ் என்று எழுதினால் அது தொழில்சார் நோய். சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். குவாரி உரிமையாளரை நோக்கிக் கேள்வி எழுப்பும் நோய். தொழிலாளர் அமைப்புகளின் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு ராஜஸ்தான் அரசு 2019-இல் இதற்கெனத் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. நோய் இருப்பதாகச் சான்று பெற்றவருக்கு ரூ.3 லட்சம், அவர் இறந்தால் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம். மருத்துவக் குழு எழுதும் ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் ஐந்து லட்ச ரூபாய் அடங்கியிருக்கிறது. கொள்கை வருவதற்கு முன் காசநோயாளிகளாகவே கணக்கில் போய்ச் சேர்ந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க இனி வழியில்லை.

வீட்டுக்குச் சென்று கேட்டபோது

மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது ‘பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு’. தலைமைப் பதிவாளர் அலுவலகமும், கனடாவின் டொரன்டோவில் பேராசிரியர் பிரபாத் ஜா தலைமையில் இயங்கும் ஆய்வு மையமும் இணைந்து நடத்திய ஆய்வு இது. மாதிரிப் பதிவு முறையின்கீழ் வரும் வீடுகளுக்குக் களப் பணியாளர்கள் சென்று, இறந்தவரின் கடைசி நாள்களைப் பற்றி உறவினர் சொல்வதை அவர்கள் மொழியிலேயே எழுதிக்கொள்வார்கள். அந்த மொழி தெரிந்த இரு மருத்துவர்கள் தனித்தனியே அதைப் படித்துக் குறியீடு இடுவார்கள். இருவரும் வேறுபட்டால் ஒருவர் காரணத்தை மற்றவர் பார்த்து மறுபரிசீலனை செய்வார்; அப்போதும் ஒத்துப்போகாவிட்டால் மூத்த மருத்துவர் ஒருவர் முடிவு செய்வார். மருத்துவமனைக்குள் நிரப்பப்படும் படிவத்துக்கு இத்தனை சோதனை கிடையாது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

மலேரியாவால் ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவில் இறப்பதாக அரசின் கணக்கு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 15 ஆயிரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 70 வயதுக்குட்பட்டவர்களில் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சத்து 5 ஆயிரம் பேர் மலேரியாவால் இறப்பதாக இந்த ஆய்வு 2010-இல் மதிப்பிட்டது. அவர்களில் 86 சதவீதத்தினர் எந்த மருத்துவமனையிலும் இறக்கவில்லை. எல்லாக் காய்ச்சலையும் மலேரியாவாக எழுதிவிட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் அரசும் மறுத்தன. உறவினர் நினைவிலிருந்து காய்ச்சலின் வகையைப் பிரித்தறிவது கடினம் என்ற அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஆயிரம் என்ற எண்ணுக்கு அதற்குப் பிறகு எவராலும் உயிர் கொடுக்க முடியவில்லை.

பாம்புக்கடி விஷயத்தில் அப்படிப்பட்ட குழப்பத்துக்குக்கூட இடமில்லை. பாம்பு கடித்து இறந்தவர் எதனால் இறந்தார் என்பதில் குடும்பத்துக்குச் சந்தேகம் இருக்காது. 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் பாம்புக்கடிக்குப் பலியானதாக 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் வீட்டிலும் வழியிலும் இறந்தவர்கள். மருத்துவமனைக்கு வந்தும் இறந்தவர்களாவது கணக்கில் வந்தார்களா? 2003 முதல் 2015 வரை அரசு மருத்துவமனைகளில் நேர்ந்த பாம்புக்கடி மரணங்கள் 15,500 என்றது அரசு. அதே காலத்தில் அதே அரசு மருத்துவமனைகளில் 1 லட்சத்து 54 ஆயிரம் என்றது ஆய்வு. பத்தில் ஒன்பது பங்கு மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளேயே காணாமல் போயிருக்கிறது. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டியதாக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது 2024 நவம்பரில்தான்.

இவ்வகை ஆய்வில் தமிழகத்துக்கு முன்னோடிப் பங்கு உண்டு. 1995 முதல் 1997 வரை சென்னையில் இறந்த ஏறத்தாழ 48 ஆயிரம் பேரின் வீடுகளுக்குச் சென்று காரணம் கேட்டறிந்தது டாக்டர் வேந்தன் கஜலட்சுமி தலைமையிலான குழு. மாநகராட்சிப் பதிவேட்டில் தெளிவின்றி எழுதப்பட்டிருந்த காரணங்கள் பல அதனால் துலங்கின. ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்ற உண்மை 2003-இல் உலகுக்குத் தெரியவந்தது அந்தத் தமிழகத் தரவுகளிலிருந்துதான்.

தொற்றுக் காலத்தின் கணக்கு

கொரோனா வந்தபோது குறியீடு முதன்முறையாக அரசியல் ஆயிற்று. தொற்று உறுதியானவர் இறந்தால் ஒரு குறியீடு, பரிசோதனையில் உறுதியாகாமல் அறிகுறிகள் மட்டும் இருந்தால் இன்னொரு குறியீடு என உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெங்களூரு மையம் 2020-லேயே இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உடன் இருந்தாலும் அடிப்படைக் காரணமாகக் கொரோனாவையே எழுத வேண்டும் என்பது அதன் சாரம். ‘இணை நோயால் இறந்தார்’ என்ற சொற்றொடர் அதற்குப் பிறகும் மாநிலங்களின் அன்றாட அறிக்கைகளில் நீடித்தது.

சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் சுகாதாரத் துறையின் கணக்கும் ஒத்துப்போகாததால் குழு அமைக்கப்பட்டு, 2020 ஜூலை 22 அன்று 444 மரணங்கள் தமிழகக் கணக்கில் சேர்க்கப்பட்டன. 2021 ஜூனில் பிகாரின் மொத்தக் கணக்கு ஒரே நாளில் ஏறத்தாழ ஐந்தரை ஆயிரத்திலிருந்து 9,429 ஆக உயர்ந்தது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் அறிவித்தபோது, கணக்கிட்ட முறையே தவறு என்று மத்திய அரசு கடுமையாக மறுத்தது. அப்போது அரசின் கணக்கு 2021 இறுதிவரை 4.81 லட்சம்.

யார் சொன்னது சரி என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் 2025-இல் வெளிவந்த அரசின் சொந்த அறிக்கையே ஒரு விடையைத் தருகிறது. 2021-இல் மருத்துவச் சான்று பெற்ற மரணங்களில் கொரோனாவால் நேர்ந்தவை 17.3 சதவீதம், அதாவது 4 லட்சத்துக்கும் மேல். அந்த ஓராண்டுக்கு அரசு அன்றாடம் அறிவித்துவந்த கணக்கின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 3.3 லட்சம்தான். மொத்த மரணங்களில் கால் பங்குக்கும் குறைவானவற்றைப் பார்த்தபோதே, நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட தொகையை அது தாண்டிவிட்டது. இதே 2021-இல் பதிவான மொத்த இறப்புகள் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 21 லட்சம் அதிகம்.

பணம் நுழையும் இடம்

இதுவரை சொன்னவை கவனக்குறைவாலும் வசதிக்காகவும் நேர்ந்த பிழைகள். குறியீட்டோடு பணம் இணையும்போது வேறு வகைப் பிழை தோன்றுகிறது. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. மருத்துவமனைக்குப் பணம் கிடைப்பது முன்கூட்டியே விலை நிர்ணயிக்கப்பட்ட சிகிச்சைத் தொகுப்புகளின்படி. 2022 பட்டியலில் இத்தகைய 1,949 சிகிச்சைகள் இருந்தன. எந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது மருத்துவமனையின் கையில். நோய்க்கேற்ற தொகுப்பு என்பது போய், தொகுப்புக்கேற்ற நோய் என்றாகிவிடும் அபாயம் இதில் இருக்கிறது.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை இத்திட்டத்தின் தரவுகளைத் திறந்து பார்த்தது. 7,49,820 பயனாளிகளின் பெயரில் ஒரே கைப்பேசி எண். பத்து இலக்கங்களும் ஒன்பது. சிகிச்சையின்போது இறந்ததாகக் காட்டப்பட்ட 88,760 பேருக்குப் புதிதாகச் சிகிச்சை அளித்ததாக 2,14,923 கோரிக்கைகள், பணம் வழங்கப்பட்டவையாகத் தரவுத் தளத்தில் இருந்தன. ஏற்கெனவே இறந்ததாகக் காட்டப்பட்ட 3,446 பேரின் பெயரில் ரூ.6.97 கோடி வழங்கப்பட்டிருந்தது. பயனாளியை அடையாளம் காண்பதில் கைப்பேசி எண்ணுக்குப் பங்கில்லை என்பது அரசின் விளக்கம். இறந்தவர் மறுபடி அனுமதிக்கப்படுவதையே தடுக்காத கணினி, அவருக்கு எழுதப்பட்ட நோய் சரியா என்பதைப் பார்த்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குறியீட்டின் துல்லியத்தைச் சோதிப்பவர்கள் மருத்துவக் கோப்பில் எழுதியிருப்பதும் குறியீடும் பொருந்துகின்றனவா என்றே பார்க்கிறார்கள். கோப்பே பொய்யாக இருந்தால்? பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டதாகவும், காப்பீட்டுப் பணமே அதற்குத் தூண்டுகோல் என்றும் எழுந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இத்தகைய அறுவை சிகிச்சைகளைக் கண்காணிக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதங்களில் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அத்தகைய கோப்புகளில் நோயும் சிகிச்சையும் குறியீடும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகவே பொருந்தியிருக்கும்.

தில்லியில் இப்போது 11-ஆவது பதிப்பைப் பற்றிய பேச்சு மிகுந்திருக்கிறது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி முறைகளின் நோய்ப் பெயர்களுக்கு அதில் இடம் கிடைத்ததை 2024 ஜனவரி 10 அன்று புது தில்லியில் விழா எடுத்து அறிவித்தார்கள். சித்த மருத்துவர் கண்டறியும் நோய்க்கும் சர்வதேசக் குறியீடு கிடைப்பது தமிழர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்திதான். எனினும் அந்தக் குறியீடுகள் நோயைப் பதிவதற்கு மட்டுமே. இறப்புக்கான காரணத்தை எழுத அவற்றைப் பயன்படுத்த முடியாது. படிவம் 4 பழைய நிலையிலேயே இருக்கிறது.

பழைய நிலையில் ஒரு மாற்றம் மட்டும் நிகழ்ந்திருக்கிறது. 2023-இல் திருத்தப்பட்டு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, எல்லா மருத்துவமனைகளும் இறப்புக்கான காரணச் சான்றைப் பதிவாளருக்கு அனுப்புவதோடு, அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். தங்கள் தந்தையோ மனைவியோ எதனால் இறந்ததாக அரசு எழுதிக்கொண்டது என்பதை இனி குடும்பத்தினர் பார்க்க முடியும். அதில் உள்ளது தவறு என்று கருதினால்? பதிவாளரின் நடவடிக்கையை எதிர்த்து 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது திருத்தப்பட்ட சட்டம். ஆனால் காரணத்தை எழுதுபவர் பதிவாளர் அல்லர்; மருத்துவர். மருத்துவர் எழுதிய காரணத்தையே எதிர்த்து முறையிட மாவட்டந்தோறும் குழு அமைக்கப்பட்டது 2021-இல், உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு. இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.50 ஆயிரம் கருணைத் தொகை வழங்குவதற்காக அமைக்கப்பட்ட அந்தக் குழுக்கள் கொரோனா என்ற ஒரு நோயை மட்டுமே விசாரித்தன.